வெள்ளம் இல்ல சாரே

நசீமா டீச்சர் போன் செய்தபோது நான் வடசேரிச் சந்தையில் மரச்சீனிக் கிழங்குக்கு விலை பேசிக்கொண்டிருந்தேன். நான் ஓய்வுபெற்ற அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் பாடத்துக்கு இப்போது அவர்தான் ஆசிரியை. கோட்டாறுக்காரர், சுறுசுறுப்பானவர், வேலைக்கு வந்து சில வருஷங்கள்தான் ஆகின்றன. பாடத்தில் ஏதாவது சிக்கல் என்றால் என்னைக் கூப்பிடுவார். எனக்கும் கேட்க ஆள் இருக்கிறதே என்று ஒரு சின்ன சந்தோஷம்.

இந்த முறை சிக்கல் பாடத்தில் இல்லை. குடிமையியலுக்குப் புதிதாகக் கற்றல் விளைவுகளின் பட்டியல் வந்திருக்கிறதாம். பாடம் முடியும்போது பிள்ளைக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான் கற்றல் விளைவு. ஒவ்வொரு விளைவுக்கும் ஓர் எண், ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு செயல்பாடு, செயல்பாடு நடந்ததற்குச் சான்றாக ஒரு புகைப்படம். அதைச் செல்போன் செயலியில் ஏற்ற வேண்டும். உள்ளாட்சிப் பாடத்துக்குச் செயல்பாடு, கிராம சபையைப் பார்வையிடுதல். நான் முன்பு பிள்ளைகளைக் கிராம சபைக்குக் கூட்டிப்போனதாக ஆசிரியர் அறையில் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"அப்ப எடுத்த போட்டோ ஏதாவது சார்கிட்ட உண்டா? இருந்தா அதையே ஏத்திரலாம்" என்றார்.

எனக்குக் கோபம் வரவில்லை. கோபப்படுகிற தெம்பெல்லாம் பள்ளியிலேயே தீர்ந்துபோயிற்று. போட்டோ எடுக்கவில்லை, நடந்ததை வேண்டுமானால் எழுதித் தருகிறேன் என்றேன். எழுதினால் செயலியில் ஏறாதே என்று அவர் நினைத்திருப்பார். மரியாதைக்காரர், சொல்லவில்லை.

என் படிப்பையும் பயிற்சியையும் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வரலாற்றில் ஒரு பட்டம், பிறகு பி.எட்., பிறகு வேலைவாய்ப்பு அலுவலகத்தின் வரிசையில் முன்நெற்றி ஏறும்வரை காத்திருப்பு. அதுவரை டியூஷன். முதல் வேலை வட மாவட்டம் ஒன்றில். அங்கே நான் பேசினால் வகுப்பு சிரிக்கும், பாட்டுப் பாடுவதுபோல இருக்கிறதாம். பல வருஷம் கழித்து கலந்தாய்வில் சொந்த மாவட்டம் கிடைத்தது. இரணியலில் இருந்து கடற்கரைக்கு இறங்குகிற வழியில் ஓர் ஊர். பெயர் வேண்டாம். இங்கே நடந்தது பல ஊர்களிலும் நடப்பதுதான்.

சமூக அறிவியல் என்பது ஒரே அட்டைக்குள் நான்கு புத்தகங்கள். வரலாறு முன்னால் நிற்கும், பருமனும் அதிகம். அதற்குப் பின் புவியியல். குடிமையியலும் பொருளியலும் வால்பக்கம். வரலாற்றையும் வரைபடத்தையும் முடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் பொங்கல் முடிந்திருக்கும். குடிமையியலுக்கு மிஞ்சுவது திருப்புதல் தேர்வுக்கு முந்தைய சில வாரங்கள். முக்கிய வினாக்களைக் குறித்துக்கொடுத்து, மனப்பாடம் செய்யச் சொல்லி, தேர்வறைக்கு அனுப்பிவிடுவோம். பஞ்சாயத்து என்றால் பிள்ளைகளுக்கு ஐந்து மதிப்பெண் வினா.

பயிற்சி வகுப்புகளுக்குக் குறைவே இல்லை. சில வருஷத்துக்கு ஒருமுறை வட்டார வள மையத்துக்குக் கூப்பிடுவார்கள். சார்ட் தாள், ஸ்கெட்ச் பேனா, மதியம் எலுமிச்சைச் சாதப் பொட்டலம். ஒருகாலத்தில் குறிக்கோள் என்றார்கள், பிறகு திறன், பிறகு அடைவு, இப்போது விளைவு. பெயர் மாறும், வாக்கியத்தின் கடைசிச் சொல் மாறாது. மாணவர் அறிவர், உணர்வர், புரிந்துகொள்வர். 'செய்வர்' என்று முடிகிற ஒரு வாக்கியத்தை நான் எந்தப் பட்டியலிலும் பார்த்ததில்லை. இப்போது செயல்பாடு என்று ஒன்று வந்திருக்கிறது, அதுவும் பார்வையிடுவதோடு நிற்கிறது.

ஒரு வருஷம் ஒன்பதாம் வகுப்புக்கு மட்டும் நான் ஒரு வேலை செய்தேன். புத்தகத்தைப் பின்னாலிருந்து தொடங்கினேன். ஜனவரியில் வர வேண்டிய உள்ளாட்சிப் பாடத்தை செப்டம்பரில் எடுத்தேன். பெரிய புரட்சி ஒன்றும் இல்லை. அக்டோபர் இரண்டாம் தேதி ஊரில் கிராம சபை கூடும், பாடத்தோடு சேர்ந்து வரட்டுமே என்றுதான். இதற்கும் தலைமையாசிரியை எஸ்தர் டீச்சரிடம் அனுமதி வாங்க வேண்டியிருந்தது.

எஸ்தர் டீச்சரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். மெலிந்த உடம்பு, கஞ்சி போட்ட பருத்திச் சேலை, வெயிலோ மழையோ கையில் குடை. எந்தக் காகிதம் வந்தாலும் பேனாவைத் திறக்காமல் ஒருமுறை படிப்பார். பிறகு மூடியைக் கழற்றி மேசையில் நிமிர்த்தி வைத்துவிட்டு இரண்டாம் முறை படிப்பார். அதற்குப் பிறகு கேட்கிற கேள்வி எப்போதும் ஒன்றுதான். "இத அனுப்பணுமா சார், வச்சிருக்கணுமா?" பெரும்பாலும் வைத்துக்கொள்வார். அவருக்குப் பின்னால் இருந்த இரும்பு அலமாரியைத் திறந்தால் பாச்சா உருண்டை மணத்தோடு எங்கள் யோசனைகள் எல்லாம் உள்ளே அடுக்கியிருக்கும். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் குரல் இன்னும் இறங்கும். முடியாது என்று சொல்ல மாட்டார், பார்ப்போம் என்பார். அவருடைய 'பார்ப்போம்' எங்கள் பள்ளியில் ஒரு வேடிக்கைப் பேச்சாகவே ஆகிவிட்டிருந்தது.

அந்த வருஷம் அவருக்கு இன்னொரு பழக்கமும் வந்திருந்தது. காலை இடைவேளையில் எதிர்க்கடையிலிருந்து தூக்குவாளியில் டீ வரும். எல்லோரும் குடிப்போம். எஸ்தர் டீச்சர் மட்டும் டம்ளரைத் தட்டால் மூடி ஓரமாக வைத்துவிடுவார். மாலையில் அது தென்னையின் அடிமூட்டுக்குப் போகும். மேசையில் தண்ணீர்க் குப்பியும் இருந்ததில்லை. வயிற்றுப்புண் என்றார் ஒருவர். சர்க்கரை வியாதி என்றார் ஓவிய ஆசிரியர். கோயிலில் ஏதோ நேர்த்தி, உபவாசம் என்று இன்னொருவர். ஆசிரியர் அறையில் நாங்கள் எல்லோரும் ஆண்கள், நான்கு பேர் உட்கார்ந்தால் இப்படி எதையாவது கண்டுபிடித்துக்கொண்டே இருப்போம்.

அதே வருஷம்தான் சாலையை அகலப்படுத்த வந்த மண்வாரி எந்திரம், பஞ்சாயத்திலிருந்து பள்ளிக்கு வருகிற குழாயை உடைத்துப் போட்டது. பெண்பிள்ளைகளின் கழிப்பறைக்கு அந்த ஒரு குழாய்தான். கொஞ்ச நாளில் சரியாகிவிடும் என்றார்கள். மாதங்கள் போயின. ஆண்பிள்ளைகளுக்கு மதிலுக்கு அந்தப்பக்கம் தென்னந்தோப்பு இருந்தது. ஆசிரியர்களான எங்களுக்கு டீக்கடையின் பின்பக்கம். அதனால் பள்ளியில் ஒரு பிரச்சினை இருப்பதாகவே பாதிப் பேருக்குத் தெரியாது. எஸ்தர் டீச்சர் பஞ்சாயத்துக்கு எழுதினார், பதில் இல்லை. மறுபடி எழுதினார், அதற்கும் இல்லை.

ஒன்பதாம் வகுப்பில் ஜெனிஷா என்று ஒரு பெண். கடைசி பெஞ்சு, கணீர் என்ற குரல். குரல் அம்மா வழி. அம்மா ஸ்டெல்லா, கடியப்பட்டணம் கரையில் மீன் எடுத்து எங்கள் ஊர்த் தெருக்களில் தலைச்சுமையாக விற்பவர். கணவன் இல்லை. எங்கள் ஊரிலேயே வாடகை வீட்டில் இருந்தார்கள். ஒருநாள் காலைக் கூட்டத்தில் ஜெனிஷா மயங்கி விழுந்தாள். ஆஸ்பத்திரியில் சிறுநீர்த் தொற்று என்று சொன்னார்கள். பிள்ளை பகல் முழுக்க தண்ணீரே குடிப்பதில்லை, நிறையக் குடிக்க வேண்டும் என்று மருந்தும் கொடுத்து அனுப்பினார்கள்.

மறுநாள் ஸ்டெல்லா பள்ளிக்கு வந்தார். மீன் சருவப் பாத்திரத்தை கேட்டுக்கு வெளியே இறக்கி வைத்துவிட்டு, ஈரக் கையைச் சேலையில் துடைத்தபடி வராந்தாவில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"டாக்டரு வெள்ளம் குடிக்கச் சொல்லுது சாரே. குடிச்சா இவ எங்க போவா? குடிக்காட்டா சீக்கு. வயசுக்கு வந்த பிள்ளை, மாசத்துல நாலு நாளு எப்பிடியும் வீட்டுலதான் கெடக்கா. அரைப் பரீட்ச வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள பைப்புல வெள்ளம் வரலன்னா நான் எனக்க பிள்ளைய நிறுத்திப்போடுவேன்."

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு விளக்கம். எங்கள் பக்கத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர். குடிக்கிற தண்ணீர், குளிக்கிற தண்ணீர், கிணற்றில் கோருகிற தண்ணீர், எல்லாம் வெள்ளம்தான். ஊரை மூழ்கடிப்பதற்கும் அதே பெயர்தான், ஆனால் அதில் எங்களுக்கு ஒருநாளும் குழப்பம் வந்ததில்லை.

அந்த வாரம்தான் உள்ளாட்சிப் பாடம். கிராம சபை, அதன் உறுப்பினர், அதன் அதிகாரம் என்று பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். வாக்காளர் எவரும் எழுந்து தம் ஊரின் தேவையைச் சொல்லலாம் என்று புத்தகத்தில் இருந்ததைப் படித்தேன். ஜெனிஷா எழுந்தாள். "அங்க போய் சொன்னா கேப்பினுமா சார்?" என்றாள். கேட்டுத்தான் ஆக வேண்டும், அதற்குத்தான் சபை என்றேன். உனக்கு வாக்கு இல்லை, அம்மாவுக்கு உண்டு, அம்மா பேசலாம், நீங்கள் உட்கார்ந்து பார்க்கலாம் என்றும் சொன்னேன். வகுப்பில் பல வருஷமாகச் சொல்லிவருகிற வாக்கியங்கள்தான். அன்றைக்கு அதை ஒருத்தி நிஜமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அனுமதி கேட்டு எழுதிக்கொண்டு போனேன். எஸ்தர் டீச்சர் வழக்கம்போலப் படித்தார், ஆனால் மூடியைக் கழற்றவில்லை. காகிதத்தை என் பக்கமே திருப்பித் தள்ளினார். காந்தி ஜெயந்தி விடுமுறை நாள், விடுமுறை நாளில் பிள்ளைகள் பெற்றோரோடு எங்கே போனாலும் அது பெற்றோர் பாடு, இதை ஏன் எனக்கு எழுதித் தருகிறீர்கள் என்றார். அவரிடமிருந்து கிடைக்கக்கூடிய சம்மதம் அதுதான் என்று வெளியே வந்த பிறகுதான் எனக்குப் பிடிபட்டது.

சமூகநலக்கூடத்தில் சபை கூடியது. பிளாஸ்டிக் நாற்காலிகள், கையெழுத்துப் போட ஒரு வரிசை, வடை வேகிற வாசனை. நூறு நாள் வேலைக்காரர்களை வேலைத்தளத்திலிருந்து கூட்டி வந்திருந்ததால் கூட்டம் இருந்தது. பிள்ளைகள் எட்டு பத்துப் பேர் சுவரோரம் உட்கார்ந்தார்கள். மேசைக்குப் பின்னால் பஞ்சாயத்துத் தலைவர். எங்கள் ஊரிலேயே பிறந்து ரப்பர் ஷீட் வியாபாரத்தில் வளர்ந்தவர். பக்கத்தில், கூட்டத்தை நடத்திக்கொடுக்க ஒன்றிய அலுவலகம் அனுப்பியிருந்த இளம் அதிகாரி. திருச்சிப் பக்கம், மாவட்டத்துக்குப் புதிது. நல்ல பையன். ஒவ்வொருவர் சொல்வதையும் பொறுமையாகக் குறித்துக்கொண்டார்.

மழைக்காலம் வருகிறது அல்லவா, அதனால் முன்னெச்சரிக்கை பற்றி ஒரு பொருள் இருந்தது. எந்தத் தெருவில் வெள்ளம் தேங்கும், பள்ளி, அங்கன்வாடி எல்லாம் எப்படி என்று அதிகாரி கேட்டார். பள்ளி என்ற சொல் காதில் விழுந்ததும் ஸ்டெல்லா எழுந்துவிட்டார்.

"பள்ளிக்கூடத்துல வெள்ளம் இல்ல சாரே."

"ரொம்ப நல்லதும்மா" என்று அதிகாரி குறித்துக்கொண்டார்.

ஸ்டெல்லாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "நல்லதா? பொம்பளப் பிள்ளையளு போற எடத்துல ஒரு சொட்டு வெள்ளம் இல்லேங்கேன்."

"அதாம்மா, ஒரு சொட்டுகூட தேங்கலேன்னா சந்தோஷம்தானே. உக்காருங்க."

கூடம் முழுக்கச் சிரிப்பு. புரிந்து சிரித்தவர்களும் உண்டு, பக்கத்து ஆள் சிரிக்கிறாரே என்று சிரித்தவர்களும் உண்டு. அதிகாரிமேல் தப்பில்லை, அவர் பிறந்த ஊரில் அந்தச் சொல்லுக்கு அதுதான் அர்த்தம். நான் தலைவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டில் வெள்ளம் கொண்டா என்று நாளைக்குப் பத்து முறை சொல்கிற மனிதர். ஒரு வார்த்தை எடுத்துச் சொன்னால் போதும். அவர் மேசையிலிருந்த தண்ணீர்ப் பாட்டிலைத் திருகித் திறந்து, அண்ணாந்து குடித்துவிட்டு, அடுத்த பொருளை வாசிக்கச் சொல்லி எழுத்தரைப் பார்த்துத் தலையசைத்தார்.

நான் எழுந்திருக்கலாமா என்று யோசித்தேன். நான் குடியிருப்பது நாகர்கோவிலில், வாக்கும் அங்கேதான். இந்தச் சபையில் நான் வெறும் பார்வையாளன். யோசித்து முடிப்பதற்குள் சுவரோரத்திலிருந்து அந்தக் கணீர் குரல் வந்தது.

"சார், வெள்ளம்னா தண்ணி. நாங்க தண்ணியத்தான் வெள்ளம்னு சொல்லுவோம். பள்ளியில பொம்பளப் பிள்ளையளுக்க கக்கூஸ்ல தண்ணி இல்ல. தலைவருக்குத் தெரியும்."

சிரிப்பு நின்றது. கடைசி இரண்டு வார்த்தைகள் இல்லாமல் இருந்திருந்தால் ஒருவேளை வேறு மாதிரி முடிந்திருக்கும். அதிகாரி முகம் சிவந்து, எழுதியதை அடித்தார். தலைவர் ஜெனிஷாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"இவளுக்கு ஓட்டு உண்டுமா சாரே? நீரு படிப்பு சொல்லிக்கொடுத்தாப் போரும். அரசியல் நாங்க பாத்துக்கிடுவோம்."

பள்ளிக் கட்டடம் கல்வித்துறையின் பொறுப்பு, பஞ்சாயத்துக்குச் சம்பந்தம் இல்லை என்று சொல்லி அடுத்த பொருளுக்குப் போய்விட்டார்கள். தீர்மானம் ஒன்றும் இல்லை. வடை கொடுத்தார்கள். பிள்ளைகள் வாங்கித் தின்றார்கள், ஜெனிஷா வாங்கவில்லை.

சில நாளில் கல்வி அலுவலகத்திலிருந்து மெமோ வந்தது. மாணவியரைத் தூண்டிவிட்டுப் பொதுக்கூட்டத்தில் மக்கள் பிரதிநிதியை அவமதிக்கச் செய்தது குறித்து விளக்கம் கேட்டு. மெமோவுக்கு ஒரு சடங்கு உண்டு. இரண்டு பிரதியில் ஒன்றில் கையெழுத்துப் போட்டு தேதி இட வேண்டும். விளக்கத்தைத் தலைமையாசிரியர் வழியாகத்தான் அனுப்ப வேண்டும். அவர் தம் குறிப்புரையைக் கீழே எழுதுவார். பல நேரம் ஆசிரியரின் விளக்கத்தைவிட அந்தக் குறிப்புரைதான் தலைவிதியைத் தீர்மானிக்கும்.

எஸ்தர் டீச்சர் என்னை உட்காரச் சொன்னார். குரல் வெகுவாக இறங்கியிருந்தது.

"கிராம சபையில எந்திரிச்சுப் பேசலாம்னு பாடத்துல உண்டுமா சார்?"

புத்தகத்தைத் திறந்து காட்டினேன். இரண்டு முறை படித்தார்.

"பாடத்துல உண்டு. பாடத்துல உள்ளத செய்யணும்னு எங்க உண்டு?"

கேலி செய்கிறாரா, வழி தேடுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. அன்று வீட்டில் உட்கார்ந்து நான்கு பக்கம் விளக்கம் எழுதினேன். அரசியலமைப்பு, மக்களாட்சி, காந்தி, எல்லாரும் அதில் இருந்தார்கள். மறுநாள் எஸ்தர் டீச்சர் பேனாவைத் திறந்து அவர்களை ஒவ்வொருவராக வெளியே அனுப்பினார். உணர்ச்சி தெரிகிற சொல் எல்லாம் போயிற்று. மிஞ்சியது அரைப் பக்கம். பாடப்பகுதியில் உள்ளபடி மாணவியர் பெற்றோருடன் விடுமுறை நாளில் கிராம சபையைப் பார்வையிட்டனர், மாணவி ஒருத்தி வட்டார வழக்குச் சொல் ஒன்றுக்குப் பொருள் கூறினாள், எவரையும் அவமதிக்கும் நோக்கம் இல்லை. அவ்வளவுதான். வெறும் சொல்லுக்குப் பொருள் கூறியது என்ற அந்த வாக்கியம் அவருடையது. என்னால் ஆயிரம் வருஷம் யோசித்தாலும் அப்படி எழுத வராது.

வழக்கமாக இந்த இடத்தில் அனுப்பணுமா, வச்சிருக்கணுமா என்று கேட்பார். அன்று கேட்கவில்லை. என் விளக்கத்துக்குக் கீழே குறிப்புரையை எழுதினார். மேற்படி கழிப்பறையில் தண்ணீர் இல்லை என்பது உண்மை, இதை நான் நேரில் அறிவேன். கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, தபாலுக்குக் கொடுக்காமல் தாமே குடையை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனார். நேரில் அறிவேன் என்பதை ஒரு தலைமையாசிரியையின் மேற்பார்வை என்றுதான் நான் அன்று எடுத்துக்கொண்டேன்.

இனிமேல் கவனமாக இருக்கவும் என்ற ஒரு வரியோடு என் மெமோ முடிந்துபோயிற்று. குழாய் மட்டும் வரவில்லை. அரையாண்டுத் தேர்வு முடிந்தது. விடுமுறை கழித்துப் பள்ளி திறந்தபோது ஜெனிஷா வரவில்லை. ஸ்டெல்லா சொன்னதைச் செய்துவிட்டார்.

மாலை பள்ளி விட்டதும் எஸ்தர் டீச்சர், வாங்க சார், பார்த்துவிட்டு வருவோம் என்றார். அவர் ஒரு பிள்ளையின் வீட்டுக்குப் போய் நான் பார்ப்பது அதுவே முதல் தடவை. ஓட்டு வீடு, முற்றத்தில் கவிழ்த்து வைத்த சருவம். ஜெனிஷா எங்களைக் கண்டதும் உள்ளே போய்விட்டாள். ஸ்டெல்லா இரண்டு நாற்காலி எடுத்துப் போட்டார். நான்தான் பேச்சைத் தொடங்கினேன். இன்னொரு முறை முயல்வோம், ஜனவரி இருபத்தாறாம் தேதி மறுபடி கிராம சபை இருக்கிறது என்று ஏதோ சொன்னேன். ஸ்டெல்லா கோபப்படவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"பாடத்துல உள்ளதெல்லாம் செஞ்சாச்சு சாரே. போயாச்சு, எந்திரிச்சு நின்னாச்சு, சொல்லியாச்சு. சிரிச்சாவ. இனி உங்க பாடத்துல என்ன பாக்கி உண்டு?"

பிறகு எஸ்தர் டீச்சரிடம் திரும்பினார். "உங்களுக்கு என்ன டீச்சரே, நீங்க பெரிய டீச்சரு. உங்களுக்குத் தனியா ரூமு இருக்கும்."

எஸ்தர் டீச்சர் குடையைத் தரையில் சாய்த்து வைத்தார்.

"எனக்கும் அதே கக்கூஸ்தான் ஸ்டெல்லா. காலையில வீட்டுல குடிச்சிட்டு வந்தா, பிறகு சாயந்திரம் வீட்டுலதான். இன்னைக்கும் இதுவரைக்கும் குடிக்கல. கொஞ்சம் வெள்ளம் தாரியா?"

ஸ்டெல்லா செம்பில் கொண்டுவந்து கொடுத்தார். எஸ்தர் டீச்சர் நிறுத்தாமல் குடித்து முடித்தார். ஸ்டெல்லா கேட்காமலே மறுபடி நிரப்பிக் கொடுத்தார். அதையும் குடித்தார். தட்டால் மூடிய டீ டம்ளரும், வயிற்றுப்புண்ணும், உபவாசமும் எனக்கு ஒன்றாக நினைவுக்கு வந்தன. நான் முற்றத்துச் சருவத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த ஞாயிறு நடந்தது எனக்குப் பிறர் சொல்லித்தான் தெரியும். பள்ளிக்கு எதிரே எஸ்தர் டீச்சர் போகிற சர்ச், எங்கள் பேச்சில் சபைக் கோயில். அதன் வளாகத்தில் கல்யாண மண்டபம், நல்ல கிணறு, கழிப்பறைகள். ஆராதனை முடிந்து கமிட்டிக்காரர்கள் கணக்குப் பேசிக்கொண்டிருந்த இடத்துக்குப் போய், அத்தனை ஆண்களுக்கும் நடுவில் நின்று, எங்கள் பெண்பிள்ளைகளுக்கு மூத்திரம் போக இடமில்லை, மண்டபத்தைத் திறந்துவிட வேண்டும் என்று கேட்டிருக்கிறார். ஒரு பெரியவர், இதையெல்லாம் கோயிலில் வைத்துப் பேசலாமா என்றாராம். வேறு எங்கே பேச என்றாராம் டீச்சர். திங்கட்கிழமை மண்டபச் சாவி அவர் மேசைக்கு வந்துவிட்டது. எல்லா மதத்துப் பிள்ளைகளும் சத்துணவு சமைக்கிற ஒரு அக்காவின் காவலில் சாலையைக் கடந்து போய் வந்தார்கள். அந்த வார முடிவில் ஜெனிஷா வகுப்புக்கு வந்தாள். பத்தாம் வகுப்பும் முடித்தாள்.

வெற்றிதானே என்று கேட்பீர்கள். ஆமாம், பிள்ளை படித்தாள். ஆனால் உரிமையாக எழுந்து நின்று கேட்டது கிடைக்கவில்லை, தயவாகக் கேட்டது கிடைத்தது. அதற்குப் பிறகு கிராம சபைப் பாடத்தை எடுக்கும்போதெல்லாம் என் குரலில் சுரத்து இருக்காது. வினா விடையைக் குறித்துக்கொடுத்துவிட்டுப் போய்விடுவேன். பிள்ளைகளும் அதைத்தான் விரும்பினார்கள்.

குழாய் பிறகு வந்தது. மேல்நிலைத் தொட்டியோடு, தலைவர் பெயர் பொறித்த கல்லோடு. எஸ்தர் டீச்சர் அதற்கு முன்பே ஓய்வுபெற்று மகனோடு சென்னைக்குப் போய்விட்டார். ஜெனிஷா இப்போது நாகர்கோவிலில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறாள். சட்டைத் துணி வாங்கப் போனபோது அடையாளம் கண்டு எழுந்து நின்றாள். உனக்கு ஓட்டு வந்தாச்சே, கிராம சபைக்குப் போனாயா என்று சும்மா கேட்டேன். எதுக்கு சார் என்று சிரித்தாள். எனக்குப் பத்து சதவீதம் தள்ளுபடி போட்டுக் கொடுத்தாள்.

இவ்வளவும் எழுதிவிட்டு, கடைசியில் இப்போது பள்ளியில் தண்ணீர் தாராளமாக இருக்கிறது என்று ஒரு வரி சேர்த்து முடித்துவிடலாம் என்று நினைத்தேன். கேட்காமல் எழுதக் கூடாது என்று நேற்று சாயந்திரம் நசீமா டீச்சருக்குப் போன் செய்தேன். தொட்டி இருக்கிறது, குழாய் இருக்கிறது என்றார். மோட்டார் அவ்வப்போது ரிப்பேர் ஆகும், ஆள் வந்து பார்ப்பார் என்றார். கழிப்பறையில் தண்ணீர் உண்டா என்று செயலியிலேயே மாதாமாதம் ஒரு கேள்வி வருமாம்.

"ஆம்னுதான் போட்டிருக்கோம் சார்" என்றார்.

சரி என்று போனை வைக்கப் போனேன். மனசு கேட்கவில்லை.

"டீச்சர், நீங்க பள்ளியில வெள்ளம் குடிப்பியளா?"

அந்தப்பக்கம் பஸ் ஒன்று ஹாரன் அடிப்பது கேட்டது. அவர் இன்னும் வீடு போய்ச் சேரவில்லை போலிருக்கிறது.

"வீட்டுக்குப் போய் குடிப்பேன் சார்" என்றார்.